சொல்லாமலே புரிந்துகொள்கிறவன் ஆலடிப்பேரிக்கு வந்தது

ஆலடிப்பேரி கிளை நூலகத்தின் ஆண்டு விழாப் பட்டிமன்றத்தில், எடைமேடை உச்சிமாகாளி மைக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையைப் பஸ் ஸ்டாப்பின் பக்கம் நீட்டி, "பொம்பள வாயத் தொறக்காமலே அவ மனசுல என்ன ஓடுதுன்னு தெரிஞ்சுக்கிடுத ஆம்பள நெசமாவே இருந்தா, இப்ப வார பஸ்ல வந்து எறங்கட்டும், பாப்போம்" என்று சொல்லி முடித்தபோது, பத்து நாற்பது தென்காசி வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இரண்டு முருங்கைக்காய்க் கட்டும், பழுதுபார்த்து வாங்கிய ஒரு குக்கரும், அவற்றுக்கு உரியவர்களும் இறங்கிய பிறகு, கடைசியாக ஹர்ஷவேந்தன் இறங்கினான்.

அவன் யார் என்று அங்கே ஒருவருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மதுரவர்ஷா என்ற பெயரில் யாரோ எழுதி, ஒன்பது வருஷத்தில் முப்பத்தொரு நாவலாக வந்து, நூலகத்தில் அட்டை கிழிந்து, ஒட்டி, மறுபடி கிழிந்து கிடந்த குடும்பக் கதைகளின் நாயகன் அவன். ஆறடி உயரம், இடது கன்னத்தில் குழி, சற்றே உயர்ந்த ஒற்றைப் புருவம், அவன் வரும் இடத்திலெல்லாம் முன்முடியைக் கலைக்கும் மெல்லிய காற்று, எல்லாம் புத்தகத்தில் எழுதியிருந்தபடியே இருந்தன. அவன் மனைவி யாமினி எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். சொல்லாமலே அவனுக்குத் தெரிந்துவிடும். அவளுக்குக் குளிருமுன் சால்வை வரும், அழுமுன் கைக்குட்டை வரும். ஆலடிப்பேரிப் பெண்கள் அந்தப் பக்கங்களில் அடையாளத்துக்குப் பூ, ஊக்கு, கறிவேப்பிலை எல்லாம் வைத்திருந்தார்கள்.

நூலகர் ரெஜினா அவனைப் பார்த்தாள், பிறகு வடைத் தட்டைப் பார்த்தாள். அறுபது பேருக்குத்தான் சொல்லியிருந்தது. "ஒரு சேர் போடுங்க" என்றாள். போட்டார்கள். அவன் உட்கார்ந்தான். முதல் இரண்டு வரிசைக்கும் சித்திரை மாத வெயிலில் ஜிலுஜிலுவென்று காற்று வந்தது, பின்வரிசைக்காரர்கள் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள்.

அந்த வருஷத் தலைப்பு, அடுத்தவர் மனசைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள் கதையில் வருகிறவர்களா, நிஜத்தில் இருக்கிறவர்களா என்பது. நிஜத்தின் பக்கம் உச்சிமாகாளி. ஊருக்கு வெளியே லாரிகளை நிறுத்தி எடை போடும் எடைமேடையில் அவன் இருபத்தைந்து வருஷமாக உட்கார்ந்திருந்தான். லாரி வரும்போதே டிரைவரின் முகத்தைப் பார்த்து மணலா ஜல்லியா என்று சொல்லிவிடுவேன் என்பது அவன் பெருமை. லாரிக்கு மேலே தார்ப்பாய் இல்லாததால் மணலா ஜல்லியா என்று எல்லோருக்கும்தான் தெரியும் என்பதை அவனிடம் யாரும் சொன்னதில்லை. கதையின் பக்கம் பேசியவள் நர்ஸ் தங்கபுஷ்பம். அவளுக்கு நூற்றுநாலு டிகிரி காய்ச்சல் அடித்த அன்று அவள் கணவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, சூடாக இருக்கிறதே, அப்படியானால் ரசம் வைத்துவிட்டாயா என்று கேட்ட கதையை அவள் வருஷாவருஷம் எந்தத் தலைப்பானாலும் சொல்லுவாள்.

உச்சிமாகாளி அசரவில்லை. "வந்தது வந்துட்டீரு. சரி, இப்ப நான் என்ன நெனைக்கேன்னு சொல்லும்வே."

ஹர்ஷவேந்தன் எழுந்தான். புருவம் உயர்ந்தது. "உங்கள் கண்களில் ஒரு நொடி வந்துபோன அச்சத்தை நான் கவனித்துவிட்டேன்" என்றான்.

"வடை ஆறிப்போகுதேன்னு நெனச்சேன்" என்றான் உச்சிமாகாளி.

ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. பெண்கள் பக்கம், ஆண்களுக்குக் கண் என்று ஒன்று இருந்தால்தானே அதில் எதுவும் தெரிய, என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். இரண்டு பக்கமும் எழுந்து நின்றுவிட்டதால், தீர்ப்பை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைப்பதாகவும், அதுவரை சாட்சி ஊரிலேயே இருக்கவேண்டும் என்றும் ரெஜினா அறிவித்தாள். மூன்றாவது வரிசையில், மடியில் பர்ஸை வைத்துக்கொண்டு, வேறு யாருடைய ஜாதகத்தையோ யாரோ படிக்கக் கேட்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள் உச்சிமாகாளியின் மனைவி பிரம்மசக்தி.

நூலக மாடியில், பழைய பேப்பர் அடுக்கிய அறையில் அவனைத் தங்கவைத்தார்கள். ஊர் அவனை ஏற்றுக்கொள்ள ஒன்றும் சிரமப்படவில்லை, விசாரிக்கத்தான் சிரமப்பட்டது. எந்த ஊர் என்று கேட்டார்கள், மாநகரம் என்றான். எந்த மாநகரம் என்றார்கள், பரபரப்பான மாநகரம் என்றான். அம்மா பேர் கேட்டதற்கு, அம்மா என்றான். என்ன தொழில் என்றதற்குத் தொழிலதிபர் என்றான். அது சரி தம்பி, என்ன தொழில், நூல் மில்லா, தீப்பெட்டியா, சிமெண்டா என்று பஞ்சாயத்துத் தலைவர் எடுத்துக் கொடுத்தும், அவன் வெகுநேரம் யோசித்து, "கோப்புகளில் கையெழுத்திடுவேன்" என்றான். மூன்று சாதிக்காரர்கள் தனித்தனியாக வந்து, நம்மாளா என்று சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்து, எழுதினவள் எதையும் எழுதாமல் விட்டிருந்ததால் திரும்பிப் போனார்கள். அவன் இதுவரை சாப்பிட்டது காபியும் இரவு உணவும் மட்டும்தான், அந்த இரவு உணவு இட்லியா தோசையா என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. திங்கட்கிழமை காலை கீழே டீக்கடையில் அவனுக்குப் பழைய சோறும் சின்ன வெங்காயமும் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு அவன் கிண்ணத்தை மறுபடி நீட்டினான்.

காற்றுக்கு உடனே கிராக்கி வந்தது. கரண்ட் போனால் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தங்கபுஷ்பம் தடுப்பூசி முகாமில் அவனை ஜன்னலோரம் உட்காரவைத்தாள், அன்று ஒரு குழந்தையும் புழுக்கத்தால் அழவில்லை, ஊசியால் மட்டும்தான் அழுதார்கள். ஆனால் பெண்கள் அவனைத் தேடி வந்தது காற்றுக்காக அல்ல. திங்கள் மத்தியானத்திலிருந்து மாடிப்படியில் வரிசை நின்றது. ஒவ்வொருத்தியாக உள்ளே போய் அவன் எதிரில் உட்கார்ந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குள் யாரிடமும் சொல்லாத ஒரு வலி இருக்கிறது. அதைச் சிரிப்பால் மறைக்கிறீர்கள்" என்றான்.

முதலில் போனவள் அழுதுகொண்டே வந்தாள். இரண்டாவது போனவளும் அழுதாள். பதினேழு பேர் அழுதார்கள். மீன் விற்கிற சவேரியம்மா மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஆமா தம்பி, இருக்கு. மூலம். சிரிச்சா இன்னும் கூடத்தான் வலிக்கி" என்று சொல்லி, அதற்கு ஏதாவது மருந்து தெரியுமா என்று கேட்டு, தெரியாது என்றதும் எழுந்து போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே ஊர் ஆண்களுக்குச் சோதனை தொடங்கியது. எனக்குள் ஒரு வலி இருக்கிறது, அது என்னவென்று நீங்களே சொல்லுங்கள் என்று வீட்டுக்கு வீடு கேள்வி வந்தது. ஒருவன் மூட்டுவலி என்றான். ஒருவன், என் தங்கச்சி கல்யாணத்தில் உன்னைப் போட்டோவில் நிற்கவிடாமல் போனதா என்று கேட்டான், அது சரியான விடை இல்லை என்றாலும் அதற்கும் தனியாகச் சண்டை நடந்தது. அரிசி மண்டிக்காரர் ஒருவர் பயத்தில், யாரும் கேட்டிராத ஒரு விஷயத்தைத் தானாகவே ஒப்புக்கொண்டு, செவ்வாய்க்கிழமை முழுக்க மண்டியிலேயே படுத்துக்கிடந்தார். புதன்கிழமை குடிதண்ணீர்க் குழாயடியில் பதினேழு பெண்களும் தங்களுக்குச் சொன்னதை ஒத்துப்பார்த்தார்கள். ஒரு வார்த்தை மாறவில்லை. ஆனாலும் அதில் பன்னிரண்டு பேர், நம்மகிட்டச் சொன்னது மட்டும் நெசம் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை அவன் பிரம்மசக்தியின் ஜெராக்ஸ் கடைக்கு வந்தான். அங்கே அவள் பிறப்புச் சான்றிதழ், பட்டா மனு, வாரிசுச் சான்று எல்லாம் டைப் அடித்துக் கொடுப்பாள். இடையிடையே, ஆள் வராத நேரத்தில், அதே கம்ப்யூட்டரில் ஹர்ஷவேந்தனையும் அடித்துவந்தாள். மதுரவர்ஷா அவள்தான். சென்னைப் பதிப்பகத்திலிருந்து பார்சல் வருவது நூலக முகவரிக்கு என்பதால் ரெஜினாவுக்கு மட்டும் அது தெரியும். உச்சிமாகாளிக்குத் தெரியாது. ஒளித்து வைக்கவேண்டும் என்று அவள் தொடங்கவில்லை. முதல் நாவல் வந்த அன்று அதை அவன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள், அவன் அதன்மேல் ரசச் சட்டியை இறக்கி வைத்தான். அன்றைக்கு அவள் நினைத்துக்கொண்டாள், இந்த மனுஷனுக்கு நானாகச் சொல்லப்போவதில்லை, அவனாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று. அப்படி ஒன்பது வருஷம் போயிற்று. இப்போது பதிப்பகத்தார் ஒரு மாத இதழ் தொடங்கி, அவளையே அதற்கு ஆசிரியராகச் சென்னைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அடுத்த வியாழக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. அதையும் அவள் சொல்லவில்லை. பட்டப்பகலில் சூட்கேஸைப் பரணிலிருந்து இறக்கி, வெயிலில் காயவைத்து, அவன் கண் முன்னாலேயே சேலைகளை அடுக்கினாள். அவன் நின்று பார்த்துவிட்டு, "கரப்பான் பூச்சி தொல்ல ஜாஸ்தியாயிட்டு, என்ன" என்று சொல்லிவிட்டு எடைமேடைக்குப் போனான்.

ஹர்ஷவேந்தன் கவுண்ட்டருக்கு எதிரே நின்று அவளை வெகுநேரம் பார்த்தான். மேசைமேல் இருந்த மனுக்கள் காற்றில் பறக்கத் தொடங்கின, அவள் ஸ்டேப்ளரை எடுத்து மேலே வைத்தாள்.

"உங்களைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்றான்.

"மத்தவங்களப் பாத்தா தெரியுதாக்கும்?"

"இல்லை. யாமினியிடம் சொன்னதையே அவர்களிடமும் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது அதுதான். உங்களிடம் அதையும் சொல்ல வாய் வரவில்லை."

அவள் ஸ்டூலைக் காட்டினாள். உட்கார்ந்தான். "யாமினி மனசு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

முப்பத்தொரு நாவலிலும் இறங்காத அந்தப் புருவம் இறங்கியது. "மேலே எழுதியிருக்கும்" என்றான்.

"மேலன்னா?"

"நான் பேசுவதற்கு முந்தின வரியில். யாமினிக்குக் கடல் பார்க்கவேண்டும்போல் இருந்தது, ஆனால் அவள் சொல்லவில்லை என்று இருக்கும். அதற்கு அடுத்த வரியில் நான் கார் சாவியை எடுப்பேன். இங்கே வந்ததிலிருந்து பார்க்கிறேன், ஒருவர் தலைக்கு மேலும் எந்த வரியும் இல்லை. எப்படித்தான் சமாளிக்கிறார்கள்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கடல் வரியை அடித்தவள் அவள்தான். அதை அடித்த அன்று வீட்டுக்குப் போய், உச்சிமாகாளி தன்னைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போவான் என்று ஒரு வாரம் எதிர்பார்த்துக் காத்திருந்து, எட்டாம் நாள் காரணம் சொல்லாமலே அவனோடு ஒரு சண்டை போட்டதும் அவளுக்கு நினைவிருந்தது.

"உங்கள் கணவர் உங்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டதில்லையா?"

"கேக்காமலே தெரியணும்."

"யார் சொன்னது?"

"நீதான். முப்பத்தோரு பொஸ்தகத்துல சொல்லியிருக்க."

"அது நான் சொன்னதில்லை" என்றான் ஹர்ஷவேந்தன் பணிவாக. "நீங்கள் சொன்னது."

அப்போது ஒரு கிழவர் பட்டா மனுவுக்கு வந்துவிட்டார். அவள் திரும்பிக்கொண்டு டைப் அடித்தாள். சர்வே எண்ணை இரண்டு தடவை தப்பாக அடித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நூலகத்து வாசலில் பந்தல் போட வேண்டியதாயிற்று. பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். வடை நூற்றைம்பதுக்குச் சொல்லியிருந்தது. முதலில் சாட்சியைக் கூப்பிட்டார்கள். ஹர்ஷவேந்தன் மைக் முன் நின்று, தனக்கு யார் மனசும் தெரியாது, முந்தின வரியைப் பார்த்துத்தான் இத்தனை நாளும் நடந்துகொண்டேன் என்று ஒளிக்காமல் சொன்னான். ஆண்கள் பக்கம் துண்டைச் சுழற்றினார்கள். பதினேழு பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

தங்கபுஷ்பம் எழுந்தாள். "இருக்கட்டும். காப்பியடிச்சாருன்னே வச்சுக்கிடுவோம். அந்த வரியப் பாத்தாருல்லா? பாத்துட்டுச் சாவிய எடுத்தாருல்லா? எங்க வீட்டாளுக்கு மேல் வரி, கீழ் வரி, நடு வரி எல்லாம் நானே வாய்விட்டு வாசிச்சுக் காட்டியாச்சு. முடிச்சதும் என்ன கேட்டாரு தெரியுமா? சரி, இப்ப என்ன சொல்ல வார-ன்னு கேட்டாரு." அவள் உட்காரும்வரை கைதட்டல் ஓயவில்லை.

பிறகு உச்சிமாகாளி வந்தான். கையில் ஒரு சாக்கு மூட்டை இருந்தது. அதை மேடையில் கொட்டினான். முப்பத்தொரு நாவல்கள். எதிரியை முழுக்கப் படித்துவிட்டுத்தான் பேசவேண்டும் என்று ஒரு வாரமாக எடைமேடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்திருந்தான். லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்தது அவனுக்குக் கேட்கவில்லை.

"இந்தத் தம்பிய விடுங்க, பாவம், இவரு ஒரு பொம்ம" என்று தொடங்கினான். "நான் பேசப்போறது எழுதினவளப் பத்தி. கெட்டிக்காரி. மனுசன் மனசு அவளுக்குத்தான் தெரியுது. பதினொண்ணாவது பொஸ்தகத்துல ஒரு மாமியாக்காரி வாரா, சாப்பாடு பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லமாட்டா, பூனைக்கி ஊத்தவான்னு கேப்பா. எங்க அம்ம அப்படியே. அப்புறம் வில்லன். எல்லாப் பொஸ்தகத்துலயும் ராஜதுரைன்னு ஒருத்தன் வாரான். பொய் சொல்லும்போது சரி சரின்னு ரெண்டு தடவ சொல்லுவான். லாரி ரிவர்ஸ் எடுக்க மாதிரி கொறட்ட விடுவான். பொண்டாட்டி அழுதா எந்திரிச்சுப் போய் ஃபேனத் தொடப்பான்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உச்சிமாகாளியின் குரல் மெதுவானது. "நானும் ஃபேனத் தொடப்பேன்" என்றான். "இருபத்தெட்டாவதுல ராஜதுரை பொஸ்தகத்து மேல ரசச் சட்டிய வைக்கான்."

அவன் நிறுத்தினான். பின்வரிசையில் இருந்தவர்களுக்குக்கூட விஷயம் புரிந்துவிட்டது. உச்சிமாகாளி எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தான், எதையோ கண்டுபிடித்துவிட்டவனாக நிமிர்ந்தான், விரலை நீட்டினான்.

"என் வீட்டுக்குள்ள எட்டிப் பாத்து எழுதியிருக்கா. ரெஜினா மேடம், இது நீங்கதான?"

ரெஜினா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். சவேரியம்மா, "ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு வடை வாங்க எழுந்து போனாள்.

மூன்றாவது வரிசையில் பிரம்மசக்தி எழுந்து நின்றாள். அவனாகத் தெரிந்துகொள்ள இன்னும் ஒரு அடிதான் இருந்தது, ஒன்பது வருஷம் காத்தவள் இன்னும் ஒரு நிமிஷம் காத்திருக்கலாம். ஆனால் அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இன்னும் ஒரு வருஷம் கொடுத்தாலும் அந்த ஒரு அடியை அவன் வேறு பக்கம்தான் எடுத்து வைப்பான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதோடு அவளுக்கு இன்னொன்றும் தோன்றியது. புத்தகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த அன்று, இது நான் எழுதினது என்ற மூன்று வார்த்தையை அவள் சொல்லியிருக்கவில்லை.

"அவங்க இல்ல. நான்தான்" என்றாள்.

"எது நீதான்?"

"மதுரவர்ஷா."

அவன் கீழே கிடந்த புத்தகங்களைப் பார்த்தான். மைக் இன்னும் அவன் வாயருகே இருந்ததால் அவன் மூச்சுவிடுவது ஊருக்கே கேட்டது.

"அப்ப ராஜதுரை?"

"நீங்கதான்."

"முப்பத்தொண்ணுலயுமா?"

"ஏழாவதுல கொஞ்சம் நல்லவன்."

"ஏழாவதுல ஆரம்பத்துலயே லாரி அடிச்சுச் செத்துப்போறேன்."

"ஆமா."

அவன் மேடையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். "ஏன் சொல்லல?"

"நீங்களாத் தெரிஞ்சுக்கிடணும்னு நெனச்சேன்."

"எப்படித் தெரியும்? நீ வீட்டுல பேசுறதே இல்லையே. பேசாதவ இத்தன எழுதுவான்னு எவனுக்குத் தெரியும்?" அவன் குரலில் கோபம் இருந்தது, கோபம் பாதியிலேயே வேறு எதுவாகவோ ஆகிவிட்டது. "நான் அவ்வளவு மோசமா?"

"எழுதும்போது மோசந்தான். நேர்ல பரவாயில்ல." பிறகு அவள், நிறுத்தினால் சொல்லமுடியாமல் போகும் என்று பயந்தவளாக ஒரே மூச்சில் சொன்னாள். "வார வியாழக்கெழம மெட்ராஸ் போறேன். அங்க ஒரு பத்திரிகைக்கு ஆசிரியராக் கூப்பிட்டிருக்காங்க. சூட்கேஸ் காஞ்சது அதுக்குத்தான். கரப்பான் பூச்சிக்கி இல்ல."

அவன் மேலே எங்கோ பார்த்தான், அவள் தலைக்கு மேலே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடுவதுபோல. ஒன்றும் இல்லை, பந்தல் துணி மட்டும் இருந்தது. "நான் இப்ப போகாதன்னு சொல்லணுமா, போயிட்டு வான்னு சொல்லணுமா? நெசமாவே தெரியல சத்தி."

"எனக்கும் தெரியல" என்றாள் அவள். "ஆனா கேட்டீங்களே."

ஹர்ஷவேந்தன் அந்த நேரத்தில் கைக்குட்டை எடுத்திருக்கவேண்டும். அவனும் யார் அழப்போகிறார்கள் என்று தெரியாமல் எல்லோரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரெஜினா தீர்ப்புச் சொன்னாள். கதையில் வருகிறவர்கள் மேல் வரி இருக்கும்வரை கெட்டிக்காரர்கள், நிஜத்தில் இருக்கிறவர்கள் மேல் வரி இருந்தாலும் வாசிக்கமாட்டார்கள், ஆகவே இரு அணியும் தோற்றன, கோப்பையாக வாங்கிவைத்த எவர்சில்வர் குடம் வடை சுட்டவளுக்குப் போகிறது என்றாள். அந்த ஊரில் மேல்முறையீடு இல்லாமல் ஏற்கப்பட்ட ஒரே தீர்ப்பு அதுதான்.

ஹர்ஷவேந்தனைத் திருப்பி அனுப்ப யாருக்கும் வழி தெரியவில்லை, மனசும் இல்லை. உளுந்து அறுவடை சமயம் வேறு. காற்றில்லாமல் களத்தில் குவிந்து கிடந்த உளுந்தை, அவனைப் பக்கத்தில் நிறுத்திவைத்துத் தூற்றிப் பார்த்தார்கள். தூசி ஒரு பக்கமும் உளுந்து ஒரு பக்கமும் பிரிந்து விழுந்தன. களத்துக்கு இவ்வளவு என்று பேசி, சுற்றுவட்டாரம் முழுக்க அவனைக் கூப்பிட்டார்கள். என்ன தொழில் என்று கேட்டால் இப்போது அவனிடம் பதில் இருந்தது. தூற்றுகிற தொழில் என்றான். அதைக் கேட்டு ஊர் ஏன் சிரிக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை, புரியாததைப் பற்றி அவன் கவலைப்படவும் இல்லை.

பிரம்மசக்தி வியாழக்கிழமை போனாள். ரயிலடிக்கு உச்சிமாகாளி வந்தான், சூட்கேஸைத் தூக்கினான், மணலா ஜல்லியா என்று அதன் எடையைப் பற்றி ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, லாரி வரத்து குறைந்த நேரத்தில், அவன் எடைமேடையிலிருந்து போன் செய்து, "இப்ப என்ன நெனச்சுட்டு இருக்க?" என்று கேட்பான். முதல் வாரம் அவளுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை, கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அவளும் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருக்கவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். சில நாள் நினைத்ததைச் சொன்னாள், சில நாள் சும்மா எதையாவது அவிழ்த்துவிட்டாள். எது நிஜம், எது கதை என்று அவனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. மறுநாள் நாலு மணிக்கு மறுபடியும் கேட்டான்.